சீனிக் குளிசையும் ஒரு நிமிட மூச்சும்

பிள்ளை இருமும்போது முகம் சிவக்கிறதா, நீலம் பாய்கிறதா? இருமல் முன்னிரவில் கூடுகிறதா, விடியற்காலையிலா? படுக்க வைத்தால் கூடி, தூக்கித் தோளில் போட்டால் தணிகிறதா? இருமி முடிந்த பின் அழுகிறதா, அல்லது இருமல் வரப்போகிறது என்று முன்னரே உணர்ந்து அழத் தொடங்குகிறதா? பால் குடித்ததும் சத்தி எடுக்கிறதா, தலை வியர்க்கிறதா, நெஞ்சில் சளி கரகரக்கிறதா, அல்லது வாளால் மரம் அரிவதைப் போன்ற வறண்ட ஓசையா? வவுனியாவில் ஒரு ஹோமியோபதி வைத்தியர், ஒரு மார்கழிக் காலையில், இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் எனக்கு விடை தெரியவில்லை. ஏழு மாதமே நிரம்பிய மகளை மழைக்குளிரில் பேருந்தில் ஏற்ற மனமில்லாமல், வட்டக்கச்சி வீட்டிலேயே விட்டுவிட்டு, நான் மட்டும் ஏ9 வீதியால் வந்திருந்தேன். ஆகவே கேள்விக்குக் கேள்வி மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, அவள் சொன்னதை அவரிடம் ஒப்புவித்தேன். ஒரு வைத்தியர் முன்னால் முக்கால் மணி நேரம் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதற்தடவை. அரச மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் எமக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அதற்கு அங்குள்ளவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வரிசையின் நீளம் அப்படி.

என்னை அங்கே அனுப்பியவர் மாமி. இருபது ஆண்டுகள் திருச்சியில் அகதியாக வாழ்ந்து திரும்பிய அவர், அங்கிருந்து கொண்டு வந்த பழக்கங்களில் ஒன்று, பிள்ளைக்கு எது வந்தாலும் முதலில் “நாலு சீனிக் குளிசை” கொடுத்துப் பார்ப்பது. தமிழ்நாட்டில் ஹோமியோபதிக்குக் கல்லூரிகளும் பட்டங்களும் உண்டு. தெருவுக்குத் தெரு மருந்தகமும் உண்டு. இலங்கையிலும் 1970ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தாலும், வன்னியில் அது வேர்பிடித்த மருத்துவம் அன்று. எமக்கு இங்கிலிஷ் மருந்தை விட்டால் சித்த வைத்தியம், அதையும் விட்டால் ஆடாதோடை, கற்பூரவள்ளி, வேர்க்கொம்பு தட்டிப்போட்ட மல்லித் தண்ணீர், கடைசியாகத் திருநீறும் நூலும். அப்படிப்பட்ட ஊரில் மாமியின் சின்னஞ்சிறு கண்ணாடிப் போத்தல்கள் ஒரு புதுமையாகவே இருந்தன. அயற்பெண்கள் தம் பிள்ளைகளுக்கும் வாங்கிச் சென்றார்கள். கசக்காத மருந்தை எந்தப் பிள்ளைதான் துப்பும்?

அன்று எனக்குக் கிடைத்தது ‘ட்ரொசேரா 30’. நான்கு உருண்டைகளைப் பொடித்து, ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்து, நாளுக்கு மூன்று தரம். நெஞ்சில் சளி கரகரக்கத் தொடங்கினால் ‘அன்டிமோனியம் டார்ட்’டுக்கு மாற வேண்டும் என்று இரண்டாவது போத்தலும் தந்தார். புறப்படும்போது, “மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிக்காதேங்கோ” என்றும் சொன்னார். அவரைப் பற்றி எழுதும்போது இந்த வாக்கியத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மூச்சு வாங்குவது என்றால் என்ன, அதை எப்படி அறிவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ட்ரொசேரா என்பது பூச்சிகளைப் பசையில் ஒட்டவைத்து உண்ணும் ஒரு சிறு செடி. அதன் உறவினங்கள் இலங்கையிலும் ஈர மணலில் வளர்கின்றன. மருந்துக்கு எடுப்பது ஐரோப்பியச் சதுப்பு நிலத்துக்குரிய இனம். குக்கல் இருமலுக்கு அதன் முப்பதாம் வீரியத்தைப் பரிந்துரைத்தவர் ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஜேர்மனியரான சாமுவேல் ஹானிமன். 1755இல் பிறந்து 1843இல் பாரிஸில் இறந்த அவருடைய கொள்கை முளைத்த இடத்தைப் படித்தபோது, வன்னியில் பிறந்தவன் என்ற முறையில் எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. 1790இல் ஒரு மருத்துவ நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஹானிமன், மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் சிங்கோனாப் பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். குளிர், நடுக்கம், நாடித்துடிப்பு என்று காய்ச்சலின் குறிகளே தம் உடலில் தோன்றியதாக அவர் எழுதினார். நலமுள்ளவனுக்கு எந்தக் குறியை ஒரு பொருள் உண்டாக்குமோ, அதே குறியுள்ள நோயாளியை அது குணமாக்கும் என்ற முடிவுக்கு அங்கிருந்துதான் வந்தார். 1796இல் அதைக் கட்டுரையாகவும் 1810இல் நூலாகவும் வெளியிட்டார். வன்னிக் காடுகளை ஒரு காலத்தில் ஆளில்லாமல் ஆக்கியது அதே மலேரியாதான். எங்கள் பாட்டன்மார் கொயினாவின் கசப்பையும், நாங்கள் குளோரோகுயின் குளிசையின் கசப்பையும் நன்றாக அறிவோம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்தக் கசப்பை விழுங்கிய எங்களில் எவருக்கும், காய்ச்சல் இல்லாத நாளில் விழுங்கினால் நடுக்கம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாந்தியும் காதிரைச்சலும் வந்தன, அது உண்மை.

கொள்கையின் இரண்டாம் பாதி, மருந்தை எவ்வளவுக்கு ஐதாக்கிக் குலுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதன் வீரியம் கூடும் என்பது. நான் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். போத்தலின் மேல் ‘30’ என்று எழுதியிருந்தால் அது என்ன எண் என்று கேளாமல் இருக்க முடியவில்லை. செடியை மதுசாரத்தில் ஊறவைத்து எடுத்த மூலச்சாறான தாய்த்திராவகத்தின் ஒரு துளியை 99 துளி நீரில் அல்லது மதுசாரத்தில் கலந்து குலுக்குவது முதலாம் வீரியம். அதிலிருந்து ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளியில் கலப்பது இரண்டாம் வீரியம். இப்படி முப்பது தரம். அதாவது ஒன்றின் பின்னால் அறுபது பூச்சியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்கு. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே எங்கள் கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவைக் கொண்டு சொல்கிறேன். வான்கதவு திறக்கும் அளவுக்கு நிரம்பிய இரணைமடுவில் ஏறத்தாழ 14 கோடி கன மீற்றர் நீர் நிற்கும். ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி என்று கொண்டால், அது ஒன்றின் பின்னால் பதினைந்து பூச்சியங்கள் இட்ட எண்ணைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு துளிகள். அந்தக் குளத்தில் ஒரு துளி ட்ரொசேராவை விட்டுக் கலக்கினால் கிடைப்பது இன்னும் எட்டாம் வீரியத்தைக்கூட எட்டவில்லை. அதிலிருந்து ஒரு துளியை எடுத்து இரண்டாவது இரணைமடுவில் விடுங்கள். அதிலிருந்து ஒரு துளியை மூன்றாவதில், அதிலிருந்து ஒரு துளியை நான்காவதில். நான்காவது குளம் முழுவதும் நிரம்பவும் வேண்டியதில்லை, முப்பதாம் வீரியம் வந்துவிடும். முதற்குளத்தின் ஒரு துளியில் செடியின் மூலக்கூறுகள் அதிகபட்சம் சில இலட்சம் இருக்கலாம். அவை இரண்டாவது குளம் முழுவதும் சிதறிய பின், அங்கிருந்து எடுக்கும் துளியில் ஒன்றுகூட அகப்படாது என்று துணிந்து சொல்லலாம். மூன்றாவதும் நான்காவதும் வெறும் தண்ணீரை வெறும் தண்ணீரில் விடும் வேலை. அந்தத் தண்ணீரைச் சீனி உருண்டைகளின் மேல் தெளித்து உலர்த்தியதைத்தான் நான் வவுனியாவிலிருந்து மழைக்கோட்டின் உட்பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்தேன்.

தண்ணீருக்கு நினைவு உண்டு என்று சிலர் சொல்வார்கள். இரணைமடுத் தண்ணீருக்கு நினைவு இருந்தால் அது ட்ரொசேராவை நினைத்துக்கொண்டிருக்காது. அதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், கொடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. சிறுவர்களின் சளி, இருமல் முதலான சுவாசத் தொற்றுகளுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்துச் செய்த எட்டு ஆய்வுகளை, மொத்தம் 1562 பிள்ளைகளை உள்ளடக்கியவற்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தது. நம்பகமான ஆய்வுகளில், வெறும் சீனிக் குளிசையை விட மருந்துக் குளிசை மேலானதாகத் தெரியவில்லை. அதற்கு முன் 2015இல் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுப் பேரவையும், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தது.

ஆனால் மற்ற மருந்துகளைப்போல் இது பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது என்று மாமி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஹானிமன் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் இருமும் குழந்தைக்கு அட்டை விட்டார்கள், இரத்தம் வாங்கினார்கள், பாதரசமும் அபினியும் கொடுத்தார்கள். அவர்களிடம் போகாமல் சீனி உருண்டை தின்ற பிள்ளை பிழைத்துக்கொண்டதில் வியப்பில்லை. நம் காலத்திலும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. 2022இல் கம்பியாவில், நச்சுக் கரைப்பான் கலந்த இருமல் பாணியைக் குடித்து ஏறத்தாழ எழுபது குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கலப்படமற்ற பாணியும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உதவாது. தூக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் உண்டாக்கக்கூடும் என்பதால் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இலேயே எச்சரித்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைகளில் “பிள்ளைக்குச் சளி” என்று சொன்னவுடன் எடுத்து நீட்டப்படும் பாணிப் போத்தலோடு ஒப்பிட்டால், மாமியின் முப்பதாம் வீரியம் பழி பாவம் அற்றது. குறைந்த வீரியங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவற்றில் பொருள் மிஞ்சியிருக்கும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோபதிக் குளிசைகளில் பெலடோனா நஞ்சு ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவில் இருந்ததை அதே அமெரிக்க நிறுவனம் 2017இல் கண்டறிந்து பெற்றோரை எச்சரித்தது.

அன்று மாலை முதல் வேளை கொடுத்தோம். மறுநாட் பகல் இருமல் குறைந்ததுபோல் இருந்தது. மாமியின் முகத்தில் ஒரு பெருமிதம். நானும் உள்ளூர ஆறுதல் அடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூச்சியங்களை எண்ணிப் பார்த்ததெல்லாம் பின்னர்தான். தடிமனோடு வரும் இருமல் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் பத்து நாள் வரையும், பத்தில் ஒருவருக்கு மூன்றரை வாரத்துக்கு மேலும் நீடிக்கும். இடையில் ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் மருந்துக்கு ஓடுகிறோம். உச்சத்தின் மறுநாள் எப்படியும் இறக்கம்தான். அந்த இறக்கத்தில் எந்த மருந்து கையில் இருந்ததோ அது புகழைப் பெற்றுக்கொள்கிறது. கற்பூரவள்ளியும் அப்படித்தான் புகழ் பெற்றது, நூலும் அப்படித்தான்.

இரண்டாம் இரவு இருமல் கூடியது. பிள்ளை முலையைப் பற்றி இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, மூச்சுக்காக விட்டுவிட்டு முகத்தைத் திருப்பினாள். நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தபோது மாமி சொன்னார்: “பயப்படாதேங்கோ தம்பி. மருந்து பிடிச்சிட்டுது. முதல்லை கூடித்தான் பிறகு குறையும்.”

இது மாமி கட்டிய கதை அன்று. மருந்து சரியாக அமைந்தால் நோய் முதலில் சற்று உக்கிரமடையும் என்று ஹானிமனே தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் கொள்கையில் கைக்குழந்தைக்கு நேரக்கூடிய ஆகப்பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்; சீனி அன்று, இந்த ஒற்றை வாக்கியம். பிள்ளை தேறினால் மருந்து வேலை செய்கிறது. மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. மாற்றமே இல்லாவிட்டால் அடுத்த போத்தல். எந்தப் பெறுமானத்தை இட்டாலும் சமன்படுவதைக் கணிதத்தில் சர்வசமன்பாடு என்போம். அதைத் தீர்த்து மாறியின் பெறுமானத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நான் அதை ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஆயினும் அன்றிரவு இரண்டு மணி நேரம் அதையே நம்பிக்கொண்டு இருந்தேன்.

ஏன் நம்பினேன் என்பதற்கு, மாமியின் மேலுள்ள மரியாதையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் மருந்து வருவது அளந்து விடப்பட்டது. 2006இல் ஏ9 மீண்டும் மூடப்பட்ட பின் வந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காய்ச்சலைக் காத்திருந்து கடப்பதும், இருமலைக் கைவைத்தியத்தால் சமாளிப்பதும், ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கடைசி வரை ஒத்திப்போடுவதும் எங்கள் கெட்டித்தனமாகவே வளர்ந்தன. வேறு வழியில்லாத காலத்தில் அது கெட்டித்தனமும்தான். என் தாயார் எங்கள் நால்வரையும் அப்படித்தான் காப்பாற்றினார். காத்திருக்கப் பழகியவர்களுக்கு, காத்திருப்பதையே மருந்தாகப் போத்தலில் அடைத்துக் கொடுத்தால் அது மிக இலகுவாகப் பொருந்திவிடுகிறது. வீதி திறந்து, ஆஸ்பத்திரி எழும்பி, 1990ஐ அழைத்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும் காலம் வந்த பின்னும் கை மட்டும் பழைய பழக்கத்தில் போத்தலைத்தான் தேடுகிறது.

அந்த இரண்டு மணி நேரத்தை முடித்து வைத்தவள் என் மனைவி. பிறந்த புதிதில் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளையின் சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது எப்படி என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். நான் அப்போது முற்றத்தில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றேன். வயிறு ஒரு தரம் ஏறி இறங்குவது ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, இடையில் விட்டு விட்டு வரும். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போதுதான் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்த மூன்று எண்களையும் எண்ணுவதற்கு ஒரு மணிக்கூட்டுக்கு மேல் எந்தக் கருவியும் வேண்டாம்.

ரோச் வெளிச்சத்தில் அவள் எண்ணினாள். அறுபத்திரண்டு. இன்னொரு தரம் எண்ணினாள். அறுபத்து நான்கு. பிறகுதான், அதுவரை கண்முன்னே இருந்தும் பாராததைப் பார்த்தோம்: ஒவ்வொரு மூச்சுக்கும் கீழ் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தது, மூக்குத் துளைகள் விரிந்தன. மாமி எதுவும் பேசவில்லை. போர்வையை எடுத்து வந்து பிள்ளையைச் சுற்றியவர் அவர்தான்.

அம்புலன்ஸ் வந்தது. மழையில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரை பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுத்துக்கொண்டே போனார்கள். நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்கள் வைரசுத் தொற்றால் வீங்கிச் சளியால் அடைபடும் ‘பிரொங்கியோலைட்டிஸ்’ என்று வைத்தியர் சொன்னார். ஒரு வயதுக்குள் பரவலாக வருவது. தடிமனாகத் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே உச்சத்துக்குப் போவது. எங்கள் மருந்து ‘பிடித்ததாக’ நாங்கள் நம்பிய இரவு அந்த நாட்களுக்குள் சரியாக விழுந்திருந்தது.

அங்கே நான்கு நாள் இருந்தோம். ஒட்சிசன், மூக்கின் வழியே மெல்லிய குழாயால் கறந்த தாய்ப்பால், உப்புநீர்த் துளிகள் விட்டு மூக்கைச் சுத்தம் செய்தல். இருமலுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “இருமலுக்கு மருந்து இல்லை, ஐயா. வைரசுக்கு அன்ரிபயோட்டிக்கும் வேலை செய்யாது. பிள்ளை தானாகத் தேறும்வரை மூச்சையும் பாலையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் வயதில் என்னைவிட மிக இளையவரான அந்தப் பெண் வைத்தியர். யோசித்துப் பார்த்தால் வவுனியாவிலும் இருமலுக்கு மருந்து தரப்படவில்லை, கிளிநொச்சியிலும் தரப்படவில்லை. ஒருவர் அதை மருந்து என்று சொல்லித் தந்தார், மற்றவர் இல்லை என்று சொல்லிவிட்டு ஒட்சிசன் குழாயைச் சரிசெய்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்கு நியூமோனியா. அதற்கு அன்ரிபயோட்டிக் வேண்டும், அதற்குத் தாமதம் ஆகாது. வீட்டில் பாயில் கிடக்கும் பிள்ளைக்கு இரண்டில் எது என்று இருமலின் ஓசையைக் கேட்டு எங்களால் பிரித்தறிந்திருக்க முடியாது.

வாட்டில் தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வைத்தியங்களைக் கேட்டபோது, சீனிக் குளிசை மேல் எனக்கிருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. ஒருவர் தேன் தடவியிருந்தார். ஒரு வயது முடியுமுன் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யலாம். இன்னொருவர் நெஞ்சிலும் மூக்கடியிலும் கற்பூரத் தைலம் பூசியிருந்தார்; இரண்டு வயதுக்குள் அதுவும் கூடாது. குசினி விறகுப்புகையையும் நுளம்புத்திரியையும் பற்றி எவரும் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளை படுத்த அறையில் இரவிரவாக நுளம்புத்திரி புகைந்துகொண்டிருந்ததை, வவுனியா வைத்தியரின் அத்தனை கேள்விகளும் வெளியே கொண்டுவரவில்லை.

வீடு திரும்பிய பின்னும் இரண்டு வாரம் இருமல் இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள். மாமி எங்களுக்குத் தெரியாமல் இரண்டாவது போத்தலைத் தொடங்கி, இருமல் நின்ற நாளில் அதைச் சொன்னார். நான் வாதாடவில்லை.

இந்தக் கார்த்திகையில் எங்கள் இரண்டாவது மகள் சின்னவளுக்குத் தடிமன் பிடித்தது. ஒன்பது மாதம். மூன்றாம் நாள் இரவு குசினியில் கரண்டி ஓசை கேட்டு எழும்பிப் போனேன். மாமி நான்கு உருண்டைகளைப் பொடித்துக் கரைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, அறைக்குள் வந்து, தூங்கும் பிள்ளையின் சட்டையை மெல்லத் தூக்கினார்.

“மணிக்கூட்டைப் பிடியுங்கோ தம்பி,” என்றார். நிமிடம் முடிந்ததும், “எத்தினை?” என்று கேட்டார்.

“நாப்பத்திநாலு, மாமி.”

சட்டையை இறக்கிவிட்டார். பிறகு போய்க் கரண்டியை எடுத்து வந்தார்.